வாசிச்சதை வாசிக்க வைக்கிறது: வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்து நோட்டேஷன் தாள்



போன எபிசோடில் வீட்டுக் கம்ப்யூட்டரில் இசை பதிவு பண்றதைப் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது: "பாட்டை கீபோர்டில் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிட்டேன், கேட்க நல்லாவே இருக்கு. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வயலின், ஃப்ளூட், கிளாரினெட் வாசிக்கிற பிள்ளைங்களுக்கு அதையே நோட்டேஷனா பிரின்ட் எடுத்தா ஒருத்தராலயும் வாசிக்க முடியலை. பிரின்ட் பட்டன் இருக்கு, அமுக்கினா தாளும் வருது. அப்புறம் என்ன பிரச்சினை?"

இது காதால கேட்டுப் புரிஞ்சுக்கிற விஷயம் இல்ல, கண்ணால பார்க்க வேண்டியது. அதனால இந்த வாரம் எழுத்துப் பாடம்.

முதல்ல, இது ஏன் முக்கியம்னு ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல பாட்டு காது வழியா போகும். வாத்தியார் ஒரு வரி பாடுவார், பிள்ளை திருப்பிப் பாடும். இங்க பள்ளிக்கூட ஆர்கெஸ்ட்ராவில் வளர்ற பிள்ளைங்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு. ஸ்டாண்டில் தாள் இருந்தா எதையும் வாசிப்பாங்க, இல்லேன்னா கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. அவங்க கையில் எட்டுப் பக்கக் கிறுக்கலைக் கொடுத்தா, "தமிழ்ப் பாட்டு ரொம்பக் கஷ்டம்"னு முடிவு பண்ணிடுவாங்க. பாட்டு என்னவோ சுலபம்தான். அதைத் தாளில் இறக்கின விதத்தில்தான் கோளாறு.

கம்ப்யூட்டர் என்ன எழுதி வெச்சிருக்கு

நீங்க கீபோர்டில் வாசிச்சப்போ கம்ப்யூட்டருக்குள்ள போனது இசை இல்ல, மிடி. 1983-ல் வந்த இந்த முறைக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான்: எந்தக் கட்டையை அமுக்கினீங்க, எப்ப அமுக்கினீங்க, எவ்வளவு வேகமா அமுக்கினீங்க, எப்ப விட்டீங்க. கட்டைக்கு 0-இலிருந்து 127 வரை ஒரு எண். கீபோர்டின் நடு சி-க்கு 60.

அதுக்குத் தெரியாத பட்டியல்தான் பெருசு. 61-ம் எண் சி ஷார்ப்பா, டி ஃப்ளாட்டா? தெரியாது. இந்த ஸ்வரம் வலது கையா, இடது கையா? தெரியாது. இது நாலு முறை திரும்பி வர்ற பல்லவியா, இல்ல புதுசா ஒண்ணா? தெரியாது. எங்க மூச்சு விடணும், எங்க வில்லைத் திருப்பணும்? அதுவும் தெரியாது.

மியூசிக் நோட்டேஷன் இதுக்கு நேர் எதிர். அது ஒருத்தர் வாசிச்சதோட பதிவு இல்ல, இன்னொருத்தர் எப்படி வாசிக்கணும்ங்கிற குறிப்பு. தமிழில் 'வாசிக்கிறது' ரெண்டுக்கும் ஒரே சொல்லா இருக்கிறதால நமக்கு வித்தியாசம் சட்டுனு படறதில்ல. நீங்க வாத்தியத்தில் வாசிச்சது கம்ப்யூட்டரில் இருக்கு. அதைக் கண்ணால வாசிக்கிற மாதிரி மாத்தறதுக்கு நடுவில் சில முடிவுகளை எடுக்கணும். எந்த மென்பொருளும் அதை உங்களுக்காக எடுக்காது. ஊகிக்கும், அவ்வளவுதான்.

முதல் வேலை: தாளத்தைச் சுத்தம் பண்றது

பல மென்பொருளில் ஒரு கால் நோட்டை, அதாவது ஒரு அடியை, 480 துண்டாப் பிரிச்சு வெச்சிருப்பாங்க. நீங்க ஒரு அடிக்கு ஒரு ஸ்வரம்னு நினைச்சு வாசிப்பீங்க. ஆனா விரல் 20 துண்டு லேட்டா இறங்கியிருக்கும், 400-ஆவது துண்டிலேயே மேல எழும்பியிருக்கும். காதுக்கு அது ஒரு அடிதான், அந்தச் சின்னத் தளர்வுதான் வாசிப்புக்கே உயிர். ஆனா நோட்டேஷனா மாத்தும்போது மென்பொருள் விசுவாசமா எழுதி வைக்கும்: ஒரு குட்டி ரெஸ்ட், அப்புறம் புள்ளி வெச்ச ஒரு நோட், அதோட டை போட்ட இன்னொரு குட்டி நோட், மறுபடி ஒரு ரெஸ்ட். ஒரே ஸ்வரத்துக்கு நாலு குறி. ஒரு பாருக்கு இப்படி எட்டு ஸ்வரம் வந்தா நீங்க பார்த்த அந்தக் கிறுக்கல்தான் வரும்.

அதனால பிராஜெக்டை இன்னொரு பேரில் சேவ் பண்ணிக்குங்க. ஒண்ணு கேட்க, ஒண்ணு அச்சிட. இது முக்கியம், ஏன்னா அச்சுக்காகச் சுத்தம் பண்ணினது கேட்கச் சகிக்காது. அச்சுப் பிரதியில் எல்லா டிராக்கையும் குவான்டைஸ் பண்ணுங்க. மெதுவான பாட்டுன்னா எட்டில் ஒரு பங்கு நோட்டுக்கு, கொஞ்சம் வேகமான சங்கதி இருந்தா பதினாறில் ஒரு பங்குக்கு. திஸ்ர நடை வர்ற இடத்தை மட்டும் தனியாத் தேர்ந்தெடுத்து டிரிப்லெட் குவான்டைஸ் போடணும். மொத்தமாப் போட்டீங்கன்னா சதுஸ்ரம் கெட்டுப்போகும்.

நிறையப் பேர் இதோட நிறுத்திடறாங்க. குவான்டைஸ் பொதுவா ஸ்வரம் ஆரம்பிக்கிற இடத்தைத்தான் நகர்த்தும், அதோட நீளத்தைத் தொடாது. நீளத்தையும் சேர்த்துச் சரி பண்ற தேர்வு பக்கத்திலேயே இருக்கும், அதையும் போடுங்க. அடுத்து, ஒரு ஸ்வரம் முடியறதுக்கு முன்னாடி அடுத்தது ஆரம்பிச்சிருந்தா மென்பொருள் அதை ரெண்டு குரல்னு நினைச்சு, ஒண்ணுக்குத் தண்டை மேலயும் இன்னொண்ணுக்குக் கீழயும் போட்டு எழுதும். வயலினுக்கான ஒற்றை வரியில் அப்படி வந்தா தப்பு. இந்த மேல்படிவுகளை வெட்டிவிடற கட்டளையும் பல மென்பொருளில் ஏதாவது ஒரு பேரில் இருக்கும்.

தாளத்தை முதல்லயே சொல்லி வைக்கிறது இன்னும் நல்லது. எதுவும் சொல்லலைன்னா மிடி கோப்பு நாலுக்கு நாலு, நிமிஷத்துக்கு 120 அடின்னு எடுத்துக்கும். மெட்ரோனோம் போடாம இஷ்டத்துக்கு வாசிச்சிருந்தீங்கன்னா பார் கோடு எங்க வேணும்னாலும் விழும். அந்தப் பதிவைச் சரி பண்றதை விட, கிளிக் சத்தத்தோட மறுபடி வாசிக்கிறது சீக்கிரம் முடியும். ஆதி தாளம்னா நாலுக்கு நாலில் ரெண்டு பார் சேர்த்தா ஒரு ஆவர்த்தனம். லகுவுக்கு ஒரு பார், ரெண்டு திருதத்துக்கும் சேர்த்து ஒரு பார், கச்சிதமாப் பொருந்தும். மிஸ்ர சாப்புன்னா ஏழுக்கு எட்டு. ஆனா அதை 3+4-ஆப் பீம் கட்டியிருக்கான்னு பாருங்க. மென்பொருள் தன் இஷ்டத்துக்கு 4+3-ஆக் கட்டி வெச்சா, பிள்ளைங்க அழுத்தத்தை மாத்திப் போட்டு வாசிப்பாங்க. அப்புறம் மிருதங்கம் வாசிக்கிறவர் முறைப்பார்.

எங்க இருந்து எங்க கொண்டு போறது

இசைப் பதிவு மென்பொருள் எல்லாத்திலயும் நோட்டேஷன் ஒரே அளவுக்கு இல்ல. மேக்கில் கராஜ்பேண்ட் வெச்சிருக்கீங்கன்னா, டிராக்கை நோட்டேஷன் பார்வையில் திறந்து ஃபைல் மெனுவில் இருந்தே அச்சடிக்கலாம். ஒரு வாத்தியம், ஒரு எளிய வரின்னா அதுவே போதும். எஃப்எல் ஸ்டூடியோவின் பியானோ ரோலில் இசைத்தாளா ஏற்றுமதி பண்ற வசதி இருக்கு. ஏபிள்டன் லைவில் நோட்டேஷனே கிடையாது, மிடியாத்தான் வெளிய எடுக்கணும். லாஜிக், கியூபேஸ், ரீப்பர் மூணிலும் நோட்டேஷன் பார்வையும் இருக்கு, மியூசிக்எக்ஸ்எம்எல்னு ஒரு வடிவத்தில் வெளிய எடுக்கவும் முடியும்.

இந்த மியூசிக்எக்ஸ்எம்எல்லைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. 2004-ல் வந்த பொது வடிவம் இது. மிடி மாதிரி கட்டை எண்ணோட நிக்காம ஸ்வரத்தின் பேர், பார் கோடு, பீம், பாடல் வரி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் போகும். ரெண்டு வழியும் இருந்தா மிடியை விட்டுட்டு இதையே எடுங்க.

ரெண்டு வாத்தியத்துக்கு மேல போனா நோட்டேஷனுக்குன்னே இருக்கிற மென்பொருளுக்கு மாறிடறது நல்லது. என் தேர்வு மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ. இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணிலும் ஓடும். கிட்டத்தட்ட அதே பேரில் இசைத்தாள் பகிர்ற தளம் ஒண்ணு சந்தா கேட்கும். அது வேற, மென்பொருள் வேற. மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்ல. காசு கொடுத்து வாங்கறவங்களுக்கு சிபேலியஸ், டோரிகோ இருக்கு. 1988-ல் வந்து உலகமெல்லாம் பயன்பட்ட ஃபினாலே மென்பொருளை 2024 ஆகஸ்டில் நிறுத்திட்டாங்க. அதில் வருஷக்கணக்கா எழுதி வெச்சவங்க எல்லாரும் இப்ப கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல்லா மாத்திக்கிட்டு இருக்காங்க. நீங்களும் எதில் எழுதினாலும் சரி, முடிச்ச உடனே பிடிஎஃப் ஒண்ணு, மியூசிக்எக்ஸ்எம்எல் ஒண்ணு எடுத்து வைங்க.

மிடிதான் கைவசம்னா, மியூஸ்ஸ்கோரில் திறக்கறதுக்கு முன்னாடி அமைப்புகளில் இறக்குமதிப் பகுதிக்குப் போய், மிகச் சின்ன நோட் எதுன்னு கேட்கிற இடத்தில் எட்டில் ஒண்ணோ பதினாறில் ஒண்ணோ கொடுங்க. இதுவே பாதிக் குப்பையைக் கழிச்சுடும். தம்புரா, பேட், எஃபெக்ட் டிராக் எல்லாத்தையும் முன்கூட்டியே அழிச்சுடுங்க. அதுக்கெல்லாம் தாள் வேண்டாம்.

ஸ்வரத்துக்கு எழுத்துக்கூட்டறது

இப்ப நம்ம சங்கீதத்துக்கே உரிய சிக்கல். சரளி வரிசை எல்லாருக்கும் தெரியும், மாயாமாளவகௌளை ராகம். ஸட்ஜத்தை சி-யில் வெச்சு வாசிச்சா மிடி எண்கள் இப்படி வரும்: 60, 61, 64, 65, 67, 68, 71, 72. இதில் 61-ஐயும் 68-ஐயும் மென்பொருள் பெரும்பாலும் சி ஷார்ப், ஜி ஷார்ப்னு எழுதும். காதுக்கு வித்தியாசம் இல்ல. கண்ணுக்கு? ஸ-வும் ரி-யும் தாளில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், அப்புறம் ஒரு இடம் காலி, அதுக்கு மேல க. படிப்படியா ஏற வேண்டிய ஆரோகணம் நொண்டி நொண்டிப் போகும்.

ரி ரெண்டாவது ஸ்வரம். அதனால அது ரெண்டாவது எழுத்தில்தான் இருக்கணும்: டி ஃப்ளாட். த ஆறாவது, அதனால ஏ ஃப்ளாட். இப்படி எழுதினா ஸ ரி க ம ப த நி ஒவ்வொண்ணுக்கும் தாளில் தனி இடம் கிடைக்கும், வரியும் ஏணி மாதிரி ஏறும். ஏழு ஸ்வரம், ஏழு எழுத்து. இந்த ஒரு விதியைப் பிடிச்சுக்கிட்டா அனேகமா எல்லா மேளத்துக்கும் சரியா வரும். மியூஸ்ஸ்கோரில் தப்பா எழுதின ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து ஜே விசையை அமுக்கினா அதே ஒலியின் இன்னொரு பேருக்கு மாறும்.

கீ சிக்னேச்சரையும் இதே கண்ணோட்டத்தில் போடுங்க. ஸட்ஜம் டி-யில் இருக்குன்னு சொல்லி டி மேஜர் போடற வழக்கம் பலருக்கு உண்டு. சங்கராபரணத்துக்கு அது சரி. அதே டி-யில் கரஹரப்ரியா எழுதினா ஷார்ப்பும் கிடையாது, ஃப்ளாட்டும் கிடையாது, முழுக்க வெள்ளைக் கட்டை. அங்க டி மேஜர் போட்டா எல்லா க-வுக்கும் எல்லா நி-க்கும் நேச்சுரல் குறி போட்டுக்கிட்டே போகணும். பேரைப் பார்க்காம, எதைப் போட்டா உள்ளே குறி குறையுமோ அதைப் போடுங்க. மாயாமாளவகௌளை மாதிரி எந்த வழக்கமான கீயிலும் அடங்காத ராகத்துக்கு ஒண்ணும் போடாம விட்டுட்டு, ரி-க்கும் த-வுக்கும் அந்தந்த இடத்திலேயே ஃப்ளாட் போட்டுடறதுதான் பிள்ளைங்களுக்கு நல்லது. தனிப்பட்ட கீ சிக்னேச்சர் செஞ்சு போடவும் முடியும்தான். ஆனா பத்து வயசுப் பிள்ளை அதைப் பார்த்தா பயந்துடும்.

சுருதிக்கு வருவோம். பாடறவங்களுக்கு அஞ்சரைக் கட்டை வசதியா இருக்கலாம். அஞ்சரைன்னா ஜி ஷார்ப். அதில் ஒரு மேஜர் ராகத்தை வயலின் பிள்ளைக்கு எழுதிப் பாருங்க, ஒரு டபுள் ஷார்ப் உள்பட எல்லாக் கொடுமையும் வந்து நிக்கும். வயலின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. அதனால தனி வயலின் கோஷ்டின்னா ரெண்டு கட்டை, அதாவது டி, ரொம்ப வசதி. கிளாரினெட்டும் ஆல்டோ சாக்ஸும் சேர்ந்தா கதை மாறும். பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஒலிக்கிறதை விட ஒரு முழு ஸ்வரம் மேல எழுதணும். ஆல்டோ சாக்ஸுக்கு மேஜர் சிக்ஸ்த் மேல எழுதணும். ஒலி டி மேஜர்னா சாக்ஸ் பிள்ளை அஞ்சு ஷார்ப்போட பி மேஜரில் மாட்டிக்கும். நாலு கட்டையில், எஃப்-ல் வெச்சீங்கன்னா கிளாரினெட் ஜி மேஜர், சாக்ஸ் டி மேஜர், வயலினுக்கு ஒரே ஒரு ஃப்ளாட். எல்லாரும் பிழைச்சுக்குவாங்க. கலந்த கோஷ்டிக்கு நான் சொல்றது நாலு கட்டைதான்.

இந்த மாத்தி எழுதற வேலையை மென்பொருளே செய்யும். டிராக்குக்கு வெறும் 'பியானோ'ன்னு இல்லாம சரியான வாத்தியத்தின் பேரைக் கொடுத்திருக்கணும், அச்சடிக்கறதுக்கு முன்னாடி 'கான்சர்ட் பிட்ச்' பட்டனை அணைச்சிருக்கணும். அது எரிஞ்சுக்கிட்டே இருக்கும்போது அச்சடிச்சா கிளாரினெட் முழுப் பாட்டையும் ஒரு ஸ்வரம் கீழ வாசிக்கும், ஒத்திகையில் முதல் அஞ்சு நிமிஷம் யார் தப்புன்னு தேடறதிலேயே போகும். வயலினுக்கு இன்னொண்ணு பாருங்க: மிடி 55-க்குக் கீழ ஸ்வரமே கிடையாது. கீபோர்டில் வாசிச்சப்போ மந்தரத்தில் இறங்கின இடம் ஏதாவது அந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

கமகம் எங்க போச்சு

நம்ம கீபோர்டுக்காரங்க பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பிடிச்சு வளைக்கிறதில் மன்னர்கள். ஆனா ரி-யை அமுக்கி சக்கரத்தால க வரைக்கும் இழுத்தா நோட்டேஷனில் விழறது ரி மட்டும்தான். சக்கரம் செஞ்சது எதுவும் தாளுக்கு வராது. பாட்டின் முக்கியமான பிடியே காணாம போன மாதிரி இருக்கும். அந்த இடங்களை ஒவ்வொண்ணாக் கேட்டு, போய்ச் சேர்ற ஸ்வரத்தைக் கையால எழுதி ஸ்லர் போடணும். வேற வழி கிடையாது.

எவ்வளவு எழுதறதுங்கிறது பழைய சண்டை. 1890-களில் சென்னையில் சின்னசாமி முதலியார் தியாகராஜர் கீர்த்தனைகளை மேற்கத்திய நோட்டேஷனில் அச்சிட்டார். 1904-ல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வேற வழியில் போச்சு: ஸ்வர எழுத்து, அதோட ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி. ரெண்டு பேர் சிரமமும் ஒண்ணுதான். ஒரு பள்ளி விழாவுக்கு நான் பிந்தின வழியை மாதிரியா வெச்சுக்குவேன்: ஸ்வரங்களை வெறுமையா எழுதிட்டு, வளைக்க வேண்டிய இடத்தில் ஒரு அலைக்கோடோ அம்போ போட்டுடறது. ஒரு சின்ன அசைவை முப்பத்திரண்டில் ஒரு பங்கு நோட்டுகளா உடைச்சு எழுதினா பிள்ளை எண்ணி எண்ணி வாசிக்கும். அதில் கமகம் இருக்காது, டைப்ரைட்டர் சத்தம்தான் இருக்கும். வளைவைக் காதால சொல்லிக் கொடுங்க, எங்க வளைவுன்னு மட்டும் தாள் ஞாபகப்படுத்தட்டும்.

தமிழ் வரியை ஸ்வரத்துக்குக் கீழ வைக்கிறது

பாடற பிள்ளைங்களுக்கும் சேர்த்து அச்சிடறீங்கன்னா இது பெரிய வேலை. மியூஸ்ஸ்கோரில் ஒரு ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-எல் அமுக்கினா (மேக்கில் கமாண்ட்-எல்) அதுக்குக் கீழ வரி எழுதலாம். ஸ்பேஸ் தட்டினா அடுத்த ஸ்வரம், ஹைஃபன் தட்டினா அதே சொல்லின் அடுத்த அசை, அடிக்கோடு தட்டினா அசை நீளும்.

எங்க வெட்டறதுங்கிறதுதான் கேள்வி. தமிழில் எழுத்தை எண்ணி வெட்டினா தப்பாகும். மெய்யெழுத்து தனியா நிக்காது, முன்னாடி இருக்கிற உயிரோட ஒட்டிக்கும். 'அம்மா'ங்கிற சொல் அம்-மா, அ-ம்-மா இல்ல. 'வணக்கம்' அஞ்சு எழுத்து, ஆனா மூணு அசை: வ-ணக்-கம். 'தமிழ்' ரெண்டே அசை: த-மிழ். 'காற்று' காற்-று. வாயால மெதுவா நீட்டிப் பாடிப் பாருங்க, எந்த இடத்தில் குரல் நிக்க முடியுதோ அதுதான் அசை. புள்ளி வெச்ச எழுத்தில் ஒரு ஸ்வரத்தைத் தொங்க விட்டீங்கன்னா, பாடற பிள்ளை அந்த ஸ்வரத்தில் என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கும். ஒரு அசை நாலு ஸ்வரத்துக்கு நீளுதுன்னா 'ஆ ஆ ஆ'ன்னு எழுதாதீங்க. அடிக்கோட்டைப் போட்டு நீட்டுங்க.

ஒரு நடைமுறைத் தொந்தரவு உண்டு. ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் தட்டச்சு பண்றவங்களுக்கு ஸ்பேஸ் தட்டினாத்தான் சொல் தமிழாகும். அதே ஸ்பேஸ் மியூஸ்ஸ்கோரில் அடுத்த ஸ்வரத்துக்குத் தாவும். ரெண்டும் மோதிக்கும். சுலபமான வழி: முழுப் பாட்டையும் வேற ஒரு எடிட்டரில் ஹைஃபன் போட்டு வெட்டி எழுதிக்குங்க. அதைக் காப்பி பண்ணி, முதல் ஸ்வரத்தில் வரி எழுதும் நிலைக்குப் போய் கண்ட்ரோல்-வி அமுக்குங்க. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் ஒரு அசை விழுந்து, தானா அடுத்த ஸ்வரத்துக்கு நகரும்.

எழுத்துரு விஷயத்தில், வரிக்கான ஸ்டைலில் தமிழ் உள்ள எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுங்க. விண்டோஸில் நிர்மலா இருக்கு, எங்கயும் இலவசமாக் கிடைக்கிறது நோட்டோ சான்ஸ் தமிழ். மென்பொருள் தானாத் தேர்ந்தெடுக்க விட்டா அளவும் தடிமனும் ஆளுக்கு ஆள் மாறும். ஏற்றுமதி பண்ணின பிடிஎஃப்பில் கொ, கௌ மாதிரி எழுத்துகள் பிரிஞ்சு கிடக்கான்னு பெரிதாக்கிப் பார்த்துடுங்க. தமிழ் வாசிக்கத் தடுமாறற பிள்ளைங்க இருந்தா ரெண்டாவது வரியில் ஆங்கில எழுத்திலும் போடலாம். சிலர் இதை விரும்பறதில்ல. எனக்கு ஆட்சேபணை இல்ல, தமிழ் வரி மேல இருக்கிற வரைக்கும். மூணாவது ஒத்திகையில் கண்ணு தானா மேல போகும்.

கடைசியில் அச்சு

கம்ப்யூட்டரில் பல்லவியைக் காப்பி பண்ணி நாலு தடவை ஒட்டியிருப்பீங்க. தாளில் அதை ஒரு தடவை எழுதி ரிப்பீட் குறி போடுங்க. முடிவு மட்டும் மாறினா முதல் முடிவு, ரெண்டாவது முடிவுன்னு பிரிங்க. அஞ்சு பக்கம் ரெண்டாக் குறையும். சங்கதி ஒவ்வொரு தடவையும் மாறினா மட்டும் முழுசா எழுதுங்க. பல்லவி, அனுபல்லவி, சரணம்னு தலைப்பும், வரி ஆரம்பத்தில் பார் எண்ணும் இருக்கட்டும். "சரணத்தில் இருந்து எடு"ன்னு சொன்னா எல்லாரும் ஒரே இடத்துக்குப் போகணும். வரிக்கு நாலு பார்னு வெச்சு, ஆவர்த்தனத்தை நடுவில் உடைக்காதீங்க. பாரைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினா அங்க வரி உடையும்.

அஞ்சு கோட்டின் மொத்த உயரம் மியூஸ்ஸ்கோரில் இயல்பா 7 மி.மீ. சுமார் இருக்கும். ஆர்கெஸ்ட்ரா நூலகர்கள் சங்கமான மோலாவின் வழிகாட்டியில் வாசிக்கிறவங்களுக்கான தாளுக்கு 8 மி.மீ.தான் ஏற்றது, 7-ம் அதுக்குக் கீழயும் சிக்கல்னு சொல்லியிருக்காங்க. பக்க அமைப்பில் கோடுகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை 2 மி.மீ. ஆக்கினா நாலு இடைவெளிக்கு 8 மி.மீ. ஆச்சு. ரெண்டு பிள்ளை ஒரு ஸ்டாண்டைப் பகிர்ந்தாலும் தெரியும்.

தாள் அளவு நம்மள மாதிரி உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறவங்களுக்குத் தனித் தலைவலி. அமெரிக்காவிலும் கனடாவிலும் லெட்டர் தாள், உயரம் 279 மி.மீ. லண்டன், பாரிஸ், சிங்கப்பூர், சிட்னியில் ஏ4, உயரம் 297. லண்டன் சித்தப்பா அனுப்பின ஏ4 பிடிஎஃப்பை டொராண்டோவில் அப்படியே அடிச்சா, ஒண்ணு கீழ் வரி வெட்டுப்படும், இல்ல பிரின்டர் தானா 94 சதவீதத்துக்குச் சுருக்கும். 7 மி.மீ. 6.6 ஆகும். அனுப்பறவர் மியூஸ்ஸ்கோர் கோப்பையும் சேர்த்து அனுப்பினா வாங்கறவர் தாள் அளவை மாத்தி மறுபடி எடுத்துக்கலாம். அச்சடிக்கிற பெட்டியில் 'பக்கத்துக்குப் பொருத்து' வேண்டாம், 'உண்மை அளவு' 100 சதவீதம் வைங்க.

முழு ஸ்கோர் நடத்தறவருக்கு மட்டும். பிள்ளைங்களுக்கு அவங்கவங்க வாத்தியத்தின் பார்ட்டைத் தனியா எடுங்க. ரெண்டு பக்கம்னா ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்சு, டேப் போட்டு பக்கத்துல பக்கத்துல ஒட்டிடுங்க. மூணு பக்கம்னா ஒண்ணு ரெண்டையும் விரிச்சு வெச்சா ரெண்டாவது பக்கத்தின் கடைசியில்தான் திருப்பணும். அங்க ரெஸ்ட் இருக்கிற மாதிரி பக்கத்தை உடையுங்க, கண்ட்ரோல்-என்டர். வில்லைப் பிடிச்சிருக்கிற கைக்குத் திருப்ப நேரம் வேணும் இல்லையா. சாதாரண 80 கிராம் தாள் ஸ்டாண்டில் மடங்கி விழும், 100 அல்லது 120 கிராம் தாள் நிமிர்ந்து நிக்கும்.

திரைப்பாட்டு எழுதறவங்களுக்கு ஒண்ணு: உரிமை யாரோ ஒருத்தர்கிட்ட இருக்கு. அந்தத் தாளைப் பொதுவில் ஏத்தி எல்லாருக்கும் கொடுக்கறதுக்கு முன்னாடி அனுமதியைப் பத்தி விசாரிச்சுக்குங்க. 1847-ல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைன்னா அந்தக் கவலை இல்ல.

முப்பது பிரதி அடிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பார்ட்டை அடிச்சு, ஸ்டாண்டில் வெச்சு, ஒரு கை நீளம் தள்ளி நின்னு, பாட்டே தெரியாத ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்க. எங்க நிறுத்துதோ அந்த பாரைப் பென்சிலால் வட்டம் போடுங்க. திருத்த வேண்டிய பட்டியல் அதுதான். வட்டம் போட்ட பாரை உங்களாலயே சரி பண்ண முடியலைன்னா அந்த ஒரு பாரை மட்டும் படம் எடுத்து இந்த மடலுக்குப் பதிலா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசுவோம்.